திருத்த வேண்டாம், குறித்து வைப்போம்

'வந்தனன்' – பகுபத உறுப்பிலக்கணம் தருக. தமிழ்நாட்டில் உயர்நிலை வகுப்புகளைத் தாண்டிய எவரும் இப்படியொரு வினாவிலிருந்து தப்பியிருக்க முடியாது. 'வா' பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், 'த்' சந்தி, அது 'ந்' எனத் திரிந்தது விகாரம், அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை, 'அன்' சாரியை, கடைசி 'அன்' ஆண்பால் வினைமுற்று விகுதி. மனப்பாடமாக எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு, தேர்வு முடிந்த அன்றே மறந்துவிடுகிறோம்.

அப்படி மறந்துவிடக்கூடிய பாடமன்று அது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்துக் கொடுத்தாரே, ஏறக்குறைய அதே வேலையைத்தான் இன்று உலகின் மொழியியல் ஆய்வுக்கூடங்கள் கணிப்பொறிக்காகச் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் 'இதன் மூலச்சொல் இது, இது வினைமுற்று, இது இறந்தகாலம், இந்தத் துண்டு விகுதி' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். அதற்குக் கையாளும் கருவிகளுள் ஒன்று எக்ஸ்எம்எல் என்னும் குறிமுறை. அந்தக் கருவியைக் கொண்டு நம் பள்ளி மாணவர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று, சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலையில் காத்திருக்கிறது என்பது என் கருத்து. ஏன் அங்கே, ஏன் மாணவர்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம்.

எக்ஸ்எம்எல் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட இந்த முறையின் அடிப்படை மிக எளியது. ஒரு பொருளுக்கு முன்னால் அதன் பெயரைத் திறக்கும் சீட்டாக எழுது. பின்னால் அதே பெயரை மூடும் சீட்டாக எழுது. சீட்டுகளுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில்தான் வைக்கவேண்டும் என்று விதியில்லை; தமிழ்ப் பெயர்களை அது தொடக்கத்திலிருந்தே ஏற்றுக்கொள்கிறது. நம் 'வந்தனன்' இப்படி அமையும்:

<சொல் மூலச்சொல்="வா">
<பகுதி மூலம்="வா">வ</பகுதி>
<சந்தி மூலம்="த்">ந்</சந்தி>
<இடைநிலை காலம்="இறந்த">த்</இடைநிலை>
<சாரியை>அன்</சாரியை>
<விகுதி பால்="ஆண்">அன்</விகுதி>
</சொல்>

உறுப்புகள் ஆறு என்று படித்தோமே, இங்கே சீட்டுகள் ஐந்துதானே, விகாரம் எங்கே போயிற்று என்று கேட்பவர் கூர்மையான மாணவர். விகாரம் என்பது சொல்லில் வெட்டி எடுக்கக்கூடிய ஒரு துண்டன்று. ஒரு துண்டுக்கு நேர்ந்த மாற்றம் அது. ஆகவே தனிச் சீட்டாக நிற்காமல், பகுதிச் சீட்டினுள்ளும் சந்திச் சீட்டினுள்ளும் 'மூலம்' என்ற பண்பாகப் புகுந்துகொள்கிறது. மனப்பாடம் செய்தபோது ஆறும் ஒரே வரிசையில் நின்றன. எக்ஸ்எம்எல்லில் எழுத முயன்றவுடன், துண்டு எது, துண்டின் பண்பு எது என்று நாம் முடிவு செய்தே ஆகவேண்டியிருக்கிறது. இந்தக் கட்டாயம்தான் இம்முறையின் பெரிய நன்மை என்பேன். கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதுதான் நமக்கே எது தெளிவாகத் தெரியவில்லை என்பது புலப்படுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. இது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நிறுவனத்தின் மென்பொருளும் இல்லாமல் திறந்து படிக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் திறந்தாலும், 'பகுதி', 'விகுதி' என்ற சொற்கள் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டுச் சீட்டு ஒட்டுவது எதற்காக? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. அதில் 'வா' இருக்கும். 'வந்தேன்', 'வருவாய்', 'வரட்டும்', 'வராதவர்களுக்கு' ஆகியவை தனித்தனிப் பதிவுகளாக இருக்கமாட்டா, இருக்கவும் முடியாது. மக்களோ 'வா' என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பதில்லை. பேச்சிலும் எழுத்திலும் உலவுபவை சொல்வடிவங்களே. அவை யாவும் ஒரே வேரின் கிளைகள் என்பது நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. அதற்கு 'வந்தேன்' ஓர் எழுத்துச் சரம், 'வருவாய்' வேறொரு சரம். ('வருவாய்' என்றால் வருமானம் என்றும் பொருள் உண்டே என்று நினைவுக்கு வந்திருக்கும். அந்தக் குழப்பமும் சீட்டு ஒட்டினால்தான் தீரும்.)

இந்த வேலை கணிப்பொறியின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. இத்தாலியப் பாதிரியார் ரொபெர்தோ பூசா, புனித தாமஸ் அக்குவினாஸின் இலத்தீன் நூல்களிலுள்ள சொற்களை மூலச்சொல்வாரியாக அடுக்க 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடினார். துளையிட்ட அட்டைகளில் ஆரம்பித்த வேலை முடிய முப்பது ஆண்டுகளாயின. சொற்கள் ஒரு கோடிக்கு மேல். தமிழுக்கும் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. செக் நாட்டின் பிராகு நகரிலுள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் செய்தித்தாளிலிருந்து 600 வாக்கியங்களை எடுத்து, சொல்லுக்குச் சொல் இலக்கணம் குறித்து வெளியிட்டிருக்கிறார்கள். பிறகு, தாமஸ் லேமன் 1993இல் எழுதிய தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதன்மையாகக் கொண்டு ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றும் வந்தது. போற்ற வேண்டிய பணிகள். ஆனால் இரண்டிலும் இருப்பது எழுத்துத் தமிழ். செய்தித்தாளில் யாரும் 'வந்துச்சு' என்று எழுதுவதில்லை அல்லவா?

இனி மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சுற்றுலாப் பயணி ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார். காப்பி இங்கே வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலையின் ஊர்களில் வாழ்ந்துவருபவர்கள் மலையாளிகள். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று மலையெங்கும் பரவியிருக்கும் ஊர்கள் அவர்களுடையவை.

'மலையாளிகளா? கேரளத்தாரா?' என்று சமவெளியில் கேட்பார்கள். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, தாய்மொழி தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் மலையாளி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடிகளில் இவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். சுமார் மூன்றரை லட்சம் பேர். இணையத்தில் 'மலையாளி' என்று தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் கேரளச் செய்திதான். வடிவம் ஒன்று, பகுப்பு இரண்டு: மலையாளம் பேசுபவர் மலையாளி; மலை, ஆளி என்று பிரிந்து நிற்பவரும் மலையாளி. சீட்டு ஒட்டாத தரவில் மூன்றரை லட்சம் பேர் தங்கள் பெயருக்குள்ளேயே காணாமற்போகிறார்கள்.

ஊர்ப்பெயரும் ஒரு புதிரே. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது வழக்கிலுள்ள விளக்கம். அப்படியானால் ஏரிக்காடு, பேச்சில் இகரம் தேய்ந்து ஏர்க்காடு என்றுதானே வரவேண்டும்? 'வேர்க்கடலை', 'நீர்க்குமிழி' போல. எழுதுவதோ 'ற்' இட்டு. 'ற்' பொதுவாக 'கல்' கற்காலம் ஆவதுபோல லகரத்திலிருந்தோ, 'பொன்' பொற்குடம் ஆவதுபோல னகரத்திலிருந்தோ வருவது. 'ர்க்க', 'ற்க' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால் எழுத்து மாறியிருக்கலாம் என்று கொண்டு, ஏரி என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன். ஏற்காதவர் இருக்கலாம். எக்ஸ்எம்எல்லில் இதற்கு இடமுண்டு. ஒரே சொல்லுக்கு இரண்டு பகுப்புகளை எழுதி, ஒவ்வொன்றையும் சொன்னவர் யார், எவ்வளவு உறுதி என்று குறிக்கலாம். நூல்களைக் குறியிடுவதற்காக 1987இல் பல நாட்டு அறிஞர்கள் கூடித் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்த முறையில், பொறுப்பு யாருடையது, உறுதி எவ்வளவு என்பதற்குத் தனிப் பண்புகளே உள்ளன.

சரி, மலை மக்களின் பேச்சைக் குறித்து வைக்க ஏன் அவசரம்? நீலகிரியைப் பாருங்கள். எமனோ என்ற அமெரிக்க மொழியியலார் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, கோத்தர்களிடமும் தோடர்களிடமும் கதைகளையும் பாடல்களையும் சொல்லுக்குச் சொல் எழுதி எடுத்தார். அவை தனி மொழிகள். ஆகவே ஆராய்ச்சியாளரின் கண்ணில் பட்டன. சேர்வராயன் மலைப் பேச்சோ தமிழ். தனி மொழி என்றால் ஆராய வருவோம், தமிழின் வழக்கு என்றால் 'கொச்சை' என்று ஒதுக்குவோம். இது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். கிரியர்சன் 1894இல் தொடங்கி 1928இல் முடித்த இந்திய மொழியளவாய்வு சென்னை மாகாணத்தை உள்ளடக்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. அன்று பேசிய பாட்டிகள் இன்று இல்லை.

கொச்சை என்றேன். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் கேட்கும் 'வந்துச்சு' என்பதையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் ஒரு சிறுமி 'பஸ் வந்துச்சு' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து 'வந்தது' என்று திருத்துவார். 'வந்தது' சிதைந்துதான் 'வந்துச்சு' ஆயிற்று என்று எண்ணிவிடுகிறோம். உண்மை வேறு. 'ஆயிற்று' பேச்சில் 'ஆச்சு' ஆயிற்று. 'போயிற்று' 'போச்சு' ஆயிற்று. அந்த '-ச்சு' பின்னர் மற்ற வினைகளுக்கும் பரவி, 'வந்துச்சு', 'கெடச்சிச்சு' என்று வளர்ந்தது எனக் கொள்வதே பொருத்தம். அதாவது 'வந்துச்சு' தன் விகுதியை 'இற்று' என்னும் பழைய வடிவத்திலிருந்து பெற்றிருக்கிறது. 'வந்தது' அதன் தாயன்று, அக்காள் முறை வேண்டுமானால் சொல்லலாம். சிவப்பு மை அழித்தது ஒரு பிழையை அன்று; ஒரு சான்றை.

இந்தச் சான்றுகளால் என்ன பயன் என்று கேட்டால், சேர்வராயன் மலையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது மலையாளிகளின் மரபுக் கதை. அண்ணன் தம்பி மூவர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். கதை என்று தள்ளவும் வேண்டாம், வரலாறு என்று கொள்ளவும் வேண்டாம், சோதித்துப் பார்க்கலாமே! மூன்று மலைகளிலும் ஒரே முறையில் சொல்வடிவங்களைப் பதிந்து, ஒரே சீட்டுகளை ஒட்டி, மலையடிவாரத்துப் பேச்சோடு ஒப்பிட்டால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று மலையிலும் ஒரு பழைய வடிவம் நீடித்திருப்பதை மட்டும் கொண்டு உறவை நிறுவ முடியாது. பழையது எங்கும் தங்கிவிடக்கூடும். பழந்தமிழிலும் இல்லாமல், அடிவாரத்திலும் இல்லாமல், மூன்று மலைகளில் மட்டும் புதிதாக முளைத்த வடிவம் ஒன்று அகப்பட்டால் அது வலுவான சான்று. இப்படிப்பட்ட ஒப்பீட்டுக்குக் கேட்ட ஒலி கேட்டபடியே பதிவாகியிருக்க வேண்டும். பதிந்தவர் 'நல்ல தமிழாக' மாற்றி எழுதியிருந்தால், மூன்று மலைகளும் சென்னை வானொலிபோலவே பேசும்; சோதனை அங்கேயே செத்துவிடும்.

ஆகவே என் முதல் நிபந்தனை: காதில் விழுந்த வடிவம் ஒரு கோப்பில், இலக்கணப் பகுப்பு வேறொரு கோப்பில். இரண்டையும் கலக்கவே கூடாது. மேலே 'வந்தனன்' காட்டியபோது சொல்லையே உடைத்துச் சீட்டுக்குள் வைத்தேன். விளக்கத்துக்கு அது சரி, சேகரிப்புக்குச் சரிப்படாது. தமிழ் எழுத்தின் அமைப்பே அதற்கு இடம்கொடாது. 'வந்தனன்' என்பதில் ஐந்து எழுத்துகள், உறுப்புகளும் ஐந்து. ஆனால் எழுத்தும் உறுப்பும் பொருந்தவில்லை. 'த' என்ற ஒரே எழுத்துக்குள் இடைநிலையின் 'த்' இருக்கிறது, சாரியையின் 'அ'வும் இருக்கிறது. வெட்டவேண்டிய கோடு உயிர்மெய்யின் நடுவே ஓடுகிறது. சீட்டை அங்கே செருகினால் எழுத்து உடையும். உடைக்காவிட்டால் பகுப்பு பிழைபடும். இதற்கு உலகெங்கும் கைக்கொள்ளும் வழி, மூலத்தைத் தொடாமல் வெளியே நின்று சுட்டுவது. மூலக் கோப்பில்:

<சொல் எண்="சொ7">வந்துச்சு</சொல்>

என்று மட்டும் இருக்கும். இன்னொரு கோப்பில்:

<பகுப்பு எதற்கு="சொ7" செய்தவர்="மாணவர்3" உறுதி="நடுத்தரம்">
<பகுதி>வா</பகுதி>
<காலம்>இறந்த</காலம்>
<விகுதி பால்="ஒன்றன்">ச்சு</விகுதி>
</பகுப்பு>

என்று இருக்கும். நாளைக்கு இன்னொருவர் வந்து, 'மாணவர்3' சொன்னது தவறு என்று வாதிட்டு மூன்றாவது கோப்பு எழுதலாம். 'சொ7' அப்படியே இருக்கும். 'வந்தது' என்ற எழுத்து வழக்கையும் ஒரு பண்பாகப் பகுப்புக் கோப்பில் தாராளமாகக் குறிக்கலாம். ஆசிரியருக்கும் குறையில்லை, பாட்டிக்கும் குறையில்லை.

சீட்டுகளுக்கு எந்த இலக்கணத்தின் பெயர்களை வைப்பது என்பதில் சச்சரவு உண்டு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 17 சொல்வகைகளை வைத்துக்கொண்டு வேலைசெய்யும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 'நல்ல' என்ற சொல்லை அது பெயரடை என்னும். நம் மரபில் அது குறிப்புப் பெயரெச்சம். இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் மாணவர் கையில் முதலில் நன்னூற் பெயர்களே இருக்கட்டும். பள்ளியில் படித்தவை அவை, விளக்க வேண்டியதில்லை. உலக முறைக்கு மாற்ற ஒரு பொருத்த அட்டவணை போதும். அதைக் கணிப்பொறி நொடியில் செய்யும்.

'செயற்கை அறிவு எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்ளும் காலத்தில் கையால் சீட்டு ஒட்டுவதா?' என்பார்கள். இணையத்தில் கோடிக்கணக்கான வாக்கியங்கள் கிடக்கும் மொழிக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். சேர்வராயன் மலைப் பேச்சில் இணையத்தில் என்ன கிடக்கிறது? எழுத்துத் தமிழையே தின்று வளர்ந்த இயந்திரம், கேட்ட 'வந்துச்சு'வை 'வந்தது' என்று எழுதிக் காட்டத்தான் முனையும். சிவப்பு மை ஆசிரியராவது வகுப்புக்கு ஒருவர். இவர் எல்லார் சட்டைப்பையிலும் இருப்பார்! சிறிதாயினும் கவனமாகக் குறியிட்ட தொகுப்பு இருந்தால்தான், இயந்திரம் எங்கே தவறுகிறது என்று அளந்தாவது காட்டலாம்.

வேலையைச் செய்யத் தக்கவர்கள் மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களே. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் முன் மக்கள் பத்திரிகைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுவார்கள்; பேத்தியிடம் அப்படிப் பேசமாட்டார்கள். ஒரு கைப்பேசியில் பத்து நிமிடப் பேச்சைப் பதியலாம். திணை அறுவடையோ, காப்பிப் பழம் பறிப்பதோ, சேர்வராயன் கோயில் திருவிழாவோ, எதைப் பற்றியும் இருக்கலாம். ஒலியைக் கேட்டு, கேட்டபடி எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எண் கொடுத்தால் மூலக் கோப்பு தயார். தலைப்பில் ஊர், நாள், பேசியவரின் வயது, பதிந்தவர் ஆகியவற்றுக்கு இடம் விடவேண்டும். பகுப்பைத் தமிழாசிரியரோடு உட்கார்ந்து செய்யலாம். சமவெளி மாணவர்களுக்கும் வேலையுண்டு: தங்கள் ஊரில் அதே பேச்சுப்பொருளில் அதே முறையில் ஒரு கோப்பு. ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

பேசியவரின் பெயரை எழுதுவதற்கு முன் அவரைக் கேட்கவேண்டும். மூலிகையைப் பற்றிச் சொன்னது ஊருக்கு வெளியே போகலாமா என்பதையும் கேட்கவேண்டும்; 'யார் பார்க்கலாம்' என்று ஒரு சீட்டே வைத்துவிடலாம். கோப்பின் ஒரு படி பள்ளியிலும் ஒரு படி அந்த ஊரிலும் இருக்கட்டும். பதிந்து முடித்து வீட்டில் போட்டுக் காட்டும்போது, பாட்டி 'இதை அழிச்சுடு' என்றால் அழித்துவிட வேண்டும். மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்றேனே, அந்த விதிக்கு உள்ள ஒரே விலக்கு அதுதான்.